நான் பிளஸ் டூ இல்லம்மா, நான்பிளஸ்ட்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை போன ஏப்ரலில் என் இரண்டு நாள் வேலையைத் தின்றுவிட்டது. அதைப் பற்றி எழுதாமல் விட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு உதவிப் பக்கங்கள் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பெரிய கம்பெனியெல்லாம் இல்லை, ஒஹையோவில் நாலு பேர் சேர்ந்து நடத்துவது. கடைக்காரர்கள் சரக்குக் கணக்குப் பார்க்கிற ஒரு மென்பொருள். பில்லை எப்படி ரத்து செய்வது, பாஸ்வேர்டு மறந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கங்கள் கிடந்த கிடைக்கு ஒரு ஒழுங்கே இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல், ஒரு வாரம் உட்கார்ந்து வரிசையை முழுக்க மாற்றிப் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டுச் சரி என்றார், பக்கங்களும் வெளியே போய்விட்டன.

நாலு நாள் கழித்து இரவு பதினோரு மணிக்கு ஒரு மெயில். அங்கே அப்போது மதியம் ஒன்றரை. புது வரிசையைப் பார்த்து இரண்டு வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்களாம், அதைக் கேட்டு அவர் நான்பிளஸ்ட் ஆக இருந்தாராம். அவ்வளவுதான், கீழே பெயர், முடிந்தது.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். பேங்க் பரீட்சைக்குப் படித்த காலத்தில் டிக்‌ஷனரியை மனப்பாடம் செய்தவன் நான். நான்பிளஸ்ட் என்றால் என்ன செய்வதென்று தெரியாமல் விக்கித்துப் போய் நிற்பது. அப்படியானால் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் மனுஷன் திணறியிருக்கிறார், என்னால்தான் திணறியிருக்கிறார், அதை நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டு இப்படி நாசூக்காக எழுதியிருக்கிறார். இப்படித்தான் எனக்குத் தோன்றியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தேன், மறுநாளும் உட்கார்ந்து உடைந்த இணைப்புகளை எல்லாம் சரி செய்தேன், அப்புறம் நீளமாக ஒரு மன்னிப்புக் கடிதமும் அனுப்பினேன்.

பதில் வந்தது. எதற்காக மாற்றினாய், எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை என்றுதானே எழுதியிருந்தேன் என்று கேட்டிருந்தார்.

இப்போது நான்பிளஸ்ட் ஆனது யார்? பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எடுக்க மேலே வந்த அம்மா, "இந்நேரத்துக்கு என்னடா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க" என்று கேட்டார். ஒரு வார்த்தைம்மா, நான்பிளஸ்டு, அதுல மாட்டிக்கிட்டேன் என்றேன். "நீ பிளஸ் டூன்னு எனக்குத் தெரியாதா, அதுக்கு மேல காலேஜும்தானே படிக்க வச்சோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அம்மா சொன்னதும் சரிதான், தமிழ்க் காதுக்கு அது 'நான் பிளஸ்' என்றுதான் விழும். உண்மையில் அது லத்தீன். நான் என்றால் இல்லை, பிளஸ் என்றால் மேலும். இரண்டும் சேர்ந்தால் 'இதற்கு மேல் இல்லை'. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷுக்குள் வரும்போது பெயர்ச்சொல்லாகத்தான் வந்தது. இதற்கு மேல் சொல்லவும் ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை என்கிற நிலைமைக்குப் பெயர் நான்பிளஸ். ஒருத்தனை வாதத்தில் மடக்கி அந்த நிலைமைக்குத் தள்ளினால் அவனை நான்பிளஸில் கொண்டுபோய் நிறுத்தியதாகச் சொல்வார்கள். கொஞ்ச நாளிலேயே அது வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. இன்றைக்குப் பெயர்ச்சொல் ஏறக்குறைய செத்துவிட்டது, வினைச்சொல்லும் பாதி உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் கேள்வி அவரை நான்பிளஸ் செய்தது என்று எழுதினால் இலக்கணப்படி தப்பே இல்லை, ஆனால் நீங்கள் பத்துத் தடவை பார்த்தால் அதில் ஒன்பது தடவை 'நான்பிளஸ்ட்' என்கிற கடைசி வடிவமாகத்தான் இருக்கும். அழுத்தம் பிளஸ் மேல் விழ வேண்டும், நான் மேல் இல்லை. இதை எங்கள் பக்கம் எல்லோரும் தலைகீழாகச் சொல்கிறோம், நானும்தான்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? குழம்பினேன் என்று எழுதினால் ஒட்டவில்லை. குழப்பத்துக்கு இங்கிலீஷில் இருக்கிற கன்ஃபியூஸ் என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் 'ஒன்றாக ஊற்றுதல்' என்று அர்த்தம். நம் குழம்பும் அதே சட்டிதான், பலதும் ஒன்றாகக் கலந்து எது எதுவென்று தெரியாமல் கிடப்பது. பெர்ப்ளெக்ஸ் என்றால் பின்னிக்கொள்வது, நாம் சிக்கு, சிக்கல் என்கிறோமே, அந்த நூல்கண்டு. இந்த இரண்டிலும் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. நான்பிளஸில் ஒன்றுமே இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது டிக்‌ஷனரியால் இல்லை, எங்கள் அப்பாவால்.

அப்பா முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டினவர், சிம்மக்கல் ஸ்டாண்டு. போன வருஷம் பெங்களூரிலிருந்து என் சித்தப்பா மகன் வந்திருந்தான். நான் வேலையில் இருந்ததால் தனியாகவே மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போனான். 2018 தீ விபத்துக்குப் பிறகு அங்கே செல்போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை, வாசலிலேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், செருப்பும் அங்கேதான். தம்பி இரண்டையும் ஒரு கோபுர வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான், பொற்றாமரைக் குளத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறான், பிரகாரம் சுற்றியிருக்கிறான், வெளியே வரும்போது வேறு கோபுரம். உச்சி வெயில். வீதியில் போட்டிருக்கிற கல் தோசைக்கல் மாதிரி காய்கிறது. காலில் செருப்பு இல்லை, கையில் போன் இல்லை. யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால் என் நம்பர் மனப்பாடம் இல்லை. பூக்கட்டுகிற அம்மா ஒருத்தரிடம் போன் வாங்கி, அவனுக்கு நினைவிருந்த ஒரே நம்பரான அவன் அப்பா நம்பருக்கு அடித்து, அவர் பெங்களூரிலிருந்து எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார்.

கோவிலைச் சுற்றி இருக்கிற சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், அதனால் ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு அப்பா நடந்து தேடியிருக்கிறார். கண்டுபிடித்ததும் எந்தக் கோபுரத்துலப்பா செருப்பை விட்ட என்று கேட்டதற்கு அவன் சொன்ன அடையாளம்: "மேல பொம்மையெல்லாம் கலர் கலரா இருந்துச்சு பெரியப்பா." நாலு வெளிக் கோபுரத்திலும் அதேதான் இருக்கிறது!

(வெளியூர்க்காரர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் தமிழ் மாதங்களின் பெயரில் வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு வேறு. சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடும் என்று நினைத்து அங்கே போய் நின்றால் தேர் மாசி வீதியில் போய்க்கொண்டிருக்கும். இதை ஒருத்தருக்கு விளக்கி முடிப்பதற்குள் நமக்கே சந்தேகம் வந்துவிடும்.)

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "முட்டுச்சந்துல மாட்டுன ஆட்டோ மாதிரி நிக்கிறான். அங்கிட்டும் போகல, இங்கிட்டும் போகல." தம்பி விடாமல், கன்ஃபியூஸ் ஆயிருச்சு பெரியப்பா, அவ்ளோதான் என்றான். அதற்கு அப்பா சொன்னதுதான் எனக்கு அந்த ஏப்ரலில் ஞாபகம் வந்தது. "கன்ஃபியூஸ்னா நாலு ரோடு இருக்கும், எதுல போறதுன்னு தெரியாது. ஒனக்கு ரோடே முடிஞ்சு போச்சுல்ல."

ரோடே முடிந்து போவது. இதற்கு மேல் இல்லை. லத்தீன் படித்தவர்கள் இதைவிடச் சுருக்கமாக நான்பிளஸை விளக்கி நான் பார்த்ததில்லை. உள்ளே கோவிலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சுற்றினானே, அது கன்ஃபியூஸ். வெளியே வந்து வெறும் காலோடு கல்லில் நின்றானே, அது நான்பிளஸ். இருதலைக்கொள்ளி எறும்பு வேறு, அதற்கு இரண்டு பக்கமும் நெருப்பு, யோசிக்க விஷயம் இருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டின கதை கொஞ்சம் கிட்ட வருகிறது, வாயைத் திறக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஆனால் அங்கே திருட்டுத்தனம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான்பிளஸ்ட் ஆகிறவன் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாம்பூசில் என்று ஒரு வினை இருக்கிறது, அதில் குழப்புகிறவன் வேண்டுமென்றே குழப்பி நம் பையில் கை வைக்கிறான். அப்ஃபஸ்கேட் என்று ஒன்று, எங்கள் மெயில்களில் பலர் ஆளைக் குழப்புவதற்கு அதைப் போடுகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் விஷயத்தைத்தான் மறைக்கும், மங்கலாக்கும், ஆளை இல்லை. நான்பிளஸ் செய்ய ஆளே தேவையில்லை. ஒரு கரண்ட் பில் உங்களை நான்பிளஸ் செய்யலாம், கல்யாண வீட்டில் யாரோ சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால் அந்த மௌனம் செய்யலாம், மூன்று வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி தாராளமாகச் செய்யலாம்.

சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் தவறாமல் வருகிற ஒரு தப்பு, "ஐ ஆம் கன்ஃபியூசிங் சார்". நீ யாரைடா குழப்புற என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுச் சிரித்திருக்கிறேன், இப்போது சிரிப்பதில்லை. தப்பு பிள்ளைகளுடையது இல்லை, அவர்கள் தமிழில் சரியாக யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறார்கள். தமிழில் குழம்புகிறவன்தான் குழம்புகிறான், அவனே எழுவாய், வினையும் அவனுடையது. நான் குழம்புகிறேன், அதை அப்படியே திருப்பினால் ஐ ஆம் கன்ஃபியூசிங்தானே வரும்? குழம்பு குழப்பு, கலங்கு கலக்கு, மயங்கு மயக்கு, திரும்பு திருப்பு என்று நம்மிடம் தனக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாக இருக்கிறது. இங்கிலீஷில் இந்த வகை வினைகளுக்குப் பெரும்பாலும் பிறருக்குச் செய்கிற பாதிதான் உண்டு, தனக்கானதைச் செயப்பாட்டு வினையாக மாற்றித்தான் வாங்க வேண்டும். நான்பிளஸ் அதன் உச்சம். அதைச் செய்கிறவனைக் காண்பதே அபூர்வம், செய்யப்பட்டவன் மட்டும் எங்கு பார்த்தாலும் நின்றுகொண்டிருக்கிறான்.

நமக்கோ இதற்கு நேர் எதிர். முழி என்பதற்குப் பிறவினை ஜோடி கிடையாது. முழிக்க வைத்தான் என்று வால் ஒட்டித்தான் சொல்ல வேண்டும். திருதிருவென்று முழிப்பதும் கையைப் பிசைவதும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்பதும் எல்லாம் அவனவன் சொந்த முயற்சி. அதனால் நான்பிளஸ்ட் என்பதை மொழிபெயர்க்கும்போது யார் செய்தது என்பதை மறந்துவிட்டு, நின்றவன் என்ன செய்தான் என்று எழுதினால் தமிழில் சரியாக உட்கார்ந்துவிடும். "அவருடைய கேள்வியால் நான் நிலைகுலையச் செய்யப்பட்டேன்" என்று எழுதுகிறவர்களை ஒரு நாள் தம்பியைப் போல வெறும் காலோடு சித்திரை வீதியில் நிறுத்த வேண்டும்.

ஒஹையோவுக்கு வருவோம். அவர் எழுதியதும் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இந்தச் சொல் மெல்லப் புரண்டு படுத்துவிட்டது. நான்பிளஸ்ட் என்றால் அசராதவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன் என்று நிறையப் பேர் புழங்க ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் அந்த 'நான்' ஆகத்தான் இருக்க வேண்டும். முன்னால் இல்லை என்று ஒரு ஒட்டு இருப்பதைப் பார்த்து, பிளஸ்ட் என்றால் பதறினவன், நான்பிளஸ்ட் என்றால் பதறாதவன் என்று காது கணக்குப் போட்டுக்கொள்கிறது. அன்ஃபேஸ்ட் என்று அதே அர்த்தத்தில் ஒரு சொல் பக்கத்திலேயே இருப்பதும் இதற்குத் துணை. ஆனால் பிளஸ்ட் என்று தனியாக ஒரு சொல் இங்கிலீஷில் அந்த அர்த்தத்தில் கிடையவே கிடையாது. மெரியம்-வெப்ஸ்டர் இரண்டு பொருளையும் போட்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாவதை வட அமெரிக்கப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிப் போடுகிறது. எனக்குப் பாடம் எடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு, சம்பளம் கொடுப்பது ஒஹையோ.

இதற்காக அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. ஆண்டாள் காலத்தில் கற்பூரமும் தாமரையும் நாறின, இன்றைக்கு யாராவது நீ நாறுகிறாய் என்றால் அடிதடிதான். பெருக்கு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலையில் வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் குறைக்கிறோம், பத்தாம் மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எண்ணைப் பெருக்கிக் கூட்டுகிறோம், ஒரு பிள்ளைக்கும் இதில் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை. துடைப்பம் பக்கத்தில் இருந்தால் ஒரு அர்த்தம், வாய்ப்பாடு இருந்தால் ஒன்று. நான்பிளஸ்டுக்குத்தான் அப்படி ஒரு துடைப்பமும் இல்லை. மனுஷன் திணறினாரா அசரவில்லையா, இரண்டுமே அதே வாக்கியத்தில் கச்சிதமாகப் பொருந்தும். நேரில் போனால் முகத்தைப் பார்க்கலாம், மெயிலில் முகம் ஏது?

அதனால் அமெரிக்கர்களுக்கு எழுதும்போது அந்தச் சொல்லைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். திணறினார் என்று சொல்ல வேண்டுமானால் ஃபிளம்மக்ஸ்ட் இருக்கிறது, 1830களில் அச்சுக்கு வந்த சொல், கேட்டாலே முட்டிக்கொண்ட சத்தம் மாதிரி இருக்கும், புரண்டு படுக்கவும் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் விளையாட்டுக்காக லத்தீன் போலச் செய்த டிஸ்கம்பாபுலேட் என்ற சொல்லும் இருக்கிறது, தலைகீழாகக் கலைத்துப் போடுவது. அதற்கு ஒரு நல்ல கதை உண்டு. மில்வாக்கி விமான நிலையத்தில் சோதனை முடிந்து பெல்ட், ஷூ எல்லாம் திரும்ப மாட்டிக்கொள்கிற இடத்துக்கு 2008இல் 'ரீகம்பாபுலேஷன் ஏரியா' என்று போர்டு எழுதி மாட்டினார்கள். கலைந்தவர்கள் மறுபடி ஒழுங்காகிக்கொள்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோவிலில் செருப்பு வாங்குகிற இடத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும், நாலு வாசலிலும்.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாற்றிய வரிசையைத் திரும்ப மாற்றி, மறுபடி புது வரிசையைப் போட்டதற்கு அந்த இரண்டு நாள் காசை நான் கேட்கவில்லை, அவராகவே ஒரு நாளுக்குக் கொடுத்தார். கூடவே, இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தனக்கு இப்போதுதான் தெரியும், இத்தனை வருஷமாக யார் யார் தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார்களோ என்று நாலு வரி எழுதியிருந்தார். நல்ல மனுஷன். நான் பதிலுக்கு முட்டுச்சந்து கதையைச் சொன்னேன், செருப்பைத் தேடிய தம்பி கதையையும். அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

எல்லாம் சுமுகம் என்று இருந்தேன். ரத்து செய்த பில்லைப் பற்றிய புதுப் பக்கத்தை நேற்று ராத்திரி அனுப்பினேன், காலையில் பதில் வந்து கிடக்கிறது. பக்கத்தைப் படித்து அவர் பிமியூஸ்ட் ஆனாராம்.

பிமியூஸ்ட் என்றால் ஒன்றும் புரியாமல் விழிப்பது. அல்லது, அமியூஸ்ட் என்ற சொல்லோடு ஒட்டி உறவாடி இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்ட கணக்குப்படி, லேசாகச் சிரித்துக்கொள்வது. மணி பதினொன்று ஆகிறது, பக்கத்தை மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு பிளஸ் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.